‘வணக்கம்’னா கெர்னலுக்கு 22 பைட்டு

கேட்டீங்க, சொல்றேன் – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஆண்ட்ராய்டு பத்தி ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப “அடியில ஓடறது லினக்ஸ் கெர்னல்தான்”னு ஒத்த வரி எழுதிட்டு போயிட்டேங்க, அதுக்கு வந்த கேள்வியே ஒரு கட்டு சேந்துபோச்சு. பாதிக்கு மேல நம்ம தமிழ்நாடு-கேரளா பார்டர்க்காரங்க, அந்தப்பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம், இந்தப்பக்கம் பொள்ளாச்சி. அதனால இந்த மாசம் கெர்னல் மட்டும்தான், அதாவது கம்ப்யூட்டர் சாமானுக்கும் அதுல ஓடற புரோகிராமுக்கும் நடுவுல நின்னு மேய்க்கற அடிப்படை சாஃப்ட்வேர். பிரிண்டர் வேலை செய்யலன்னு கேட்டவங்க ஒரு மாசம் பொறுத்துக்கோங்க.

அண்ணா, எங்க ஸ்கூல் லேப்ல இருக்கறது லினக்ஸ். ஆனா ஐடி டீச்சர் “லினக்ஸ்னா கெர்னல் மட்டும்தான், நீ ஸ்கிரீன்ல பாக்கறது எதுவும் லினக்ஸ் இல்ல”ங்கறாங்க. அப்ப நான் எதத்தான் பாக்கறேன்? – பிளஸ் டூ மாணவி, கொழிஞ்சாம்பாறை

டீச்சர் சொன்னது சரிதான் கண்ணு. நீ பாக்கற மெனு, ஐகான், பிரவுசர், டைப் அடிக்கற ரைட்டர் எல்லாமே சாதா புரோகிராம்தான். அதுங்களுக்கு நேரடியா டிஸ்க்குல எழுத முடியாது, கீபோர்டுல என்ன அமுக்குனாங்கன்னு பாக்க முடியாது, பக்கத்து புரோகிராமோட மெமரிய எட்டிப்பாக்க முடியாது. இத தடுக்கறது சாஃப்ட்வேர் மட்டும் இல்ல, பிராசஸர் சிப்பே தடுக்குது. சிப்புக்குள்ள அதிகாரம் உள்ள மோடு ஒண்ணு, இல்லாத மோடு ஒண்ணுன்னு இருக்கு, அதிகாரம் உள்ள மோடுல ஓடறது கெர்னல் மட்டும்தான், மத்தவங்க எல்லாம் வெளிய.

வெளிய இருக்கறவங்களுக்கு ஏதாவது வேணும்னா என்ன பண்றது? உங்கப்பாகிட்ட வாளையார் செக்போஸ்ட்டு பத்தி கேட்டுப்பாரு, 2017ல ஜிஎஸ்டி வர்றதுக்கு முந்தி லாரி எம்புட்டு தூரம் வரிசையில நின்னுச்சுன்னு சொல்லுவாரு. டிரைவர் பேப்பர ஜன்னல்ல நீட்டணும், உள்ள இருக்கறவரு பாத்து முத்திரை குத்தி குடுப்பாரு, டிரைவர் உள்ள போய் ரிஜிஸ்டர்ல தானே எழுதிக்க முடியாது. சிஸ்டம் கால்ங்கறது அந்த ஜன்னல்தான். மொத்தமே முன்னூத்து சொச்சம் ஜன்னல், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு, 64 பிட் இன்டெல் மெஷின்ல படிக்கறதுக்கு 0, எழுதறதுக்கு 1. புரோகிராம் நம்பரையும் விவரத்தையும் சிப்புக்குள்ள குறிச்ச இடத்துல வெச்சுட்டு “சிஸ்கால்”னு ஒரு கட்டளைய ஓட்டுது, சிப்பு மோட மாத்துது, கெர்னல் எந்திரிச்சு பேப்பர செக் பண்ணுது. என்ன, வாளையார்ல மணிக்கணக்கா நிக்கணும், இங்க ஒரு மைக்ரோ செகண்டு கூட ஆகாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். கேரளா ஸ்கூலுங்கள்ல 2001ல ஐடி அட் ஸ்கூல் திட்டம் வந்து பொறவு ஃப்ரீ சாஃப்ட்வேருக்கு மாறுனதாலதான் உன் கையில இது கிடைச்சிருக்கு. இந்தப்பக்கம் எங்க பசங்களுக்கு சர்க்கார் குடுத்த லேப்டாப்புலயும், சென்னை சி-டாக்ல பண்ணுன பாஸ் லினக்ஸ் இருந்துச்சு. முக்காவாசி பேரு அத தொறந்தே பாக்கல, அது வேற விஷயம்.

மொபைல் செட்டிங்ஸ்ல “கெர்னல் வெர்ஷன்”னு 4.14, 5.10னு எல்லாம் காட்டுதே, அது இதேதானா? ஆண்ட்ராய்டு அப்டேட் ஆனாலும் அந்த நம்பர் மட்டும் ஏன் அசையறதே இல்ல? – மொபைல் சர்வீஸ் கடை, வேலந்தாவளம்

அதேதாங்கண்ணா, சர்வர்ல ஓடற அதே மூலம். நம்பர் ஏன் அசையலங்கறது நல்ல கேள்விங்க, கெர்னல் டிசைனோட குணமே அதுலதான் இருக்கு.

கெர்னல்காரங்க ஒரு கட்டுப்பாடு வெச்சிருக்காங்க. வெளிய இருக்கற ஜன்னல், அதாவது சிஸ்டம் கால், ஒருக்காலும் உடையக்கூடாது, இருவது வருஷத்துக்கு முந்தி கம்பைல் பண்ணுன (எழுதுன கோட மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்துன) புரோகிராம் இன்னிக்கும் ஓடணும். இத உடைக்கற மாதிரி யாராவது பேட்ச் (திருத்தம்) குடுத்து, லினக்ஸ ஆரம்பிச்ச லைனஸ் டோர்வால்ட்ஸ்கிட்ட வாங்கிக்கட்டிக்கிட்ட கதை ஏகத்துக்கு இருக்கு. ஆனா உள்பக்கம் அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது, உள்ள இருக்கற ஃபங்ஷன் இன்னிக்கு இருக்கும், அடுத்த வெர்ஷன்ல பேரு மாறிடும், இல்லன்னா காணாமயே போயிடும். கெர்னலோட சேத்து ஒரே சோர்ஸ் மூட்டைல இருக்கற டிரைவருக்கு (லாரி டிரைவர் இல்லீங்க, ஒரு சாமான ஓட்டற கோடு) கவலை இல்ல, மாத்தறவங்களே அதையும் சேத்து திருத்திடுவாங்க. மொபைல் சிப்பு கம்பெனிக்காரங்க கேமரா, மோடம் டிரைவர தனியா தங்ககிட்டயே வெச்சுக்கறாங்க, புது கெர்னலுக்கு போகணும்னா அத்தனையும் மறுபடி ஒட்டவெக்கணும், எவன் பண்ணுவான்? போன் வித்தாச்சு. அதான் நம்பர் நிக்குது. ஆண்ட்ராய்டு 12, கெர்னல் 5.10ல இருந்து பொதுக்கெர்னல் ஒண்ணு, அதுக்கு மேல கம்பெனி மாட்யூல் (தனியா மாட்டற துண்டு)னு பிரிச்சு ஓரளவு சரி பண்ணியிருக்காங்க.

சார், நான் பொள்ளாச்சி பக்கம் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். கெர்னல் சோர்ஸ் டவுன்லோட் பண்ணி தொறந்தேன், தலை சுத்திடுச்சு. 3 கோடி வரின்னு போட்டிருக்கு. எங்க இருந்து படிக்க ஆரம்பிக்கறது?

தம்பி, மொதல்ல அது புஸ்தகம் இல்ல, மொத பக்கத்துல இருந்து படிக்கறதுக்கு. 3 கோடிக்கு மேல வரி இருக்கறது நெசம், ஆனா அதுல பாதிக்கு மேல டிரைவர்ஸ் போல்டர், உலகத்துல இருக்கற அத்தன நெட்வொர்க் கார்டு, சவுண்டு கார்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாத்துக்கும். உன் லேப்டாப்ல அதுல கொஞ்சூண்டுதான் ஓடும், அத மூடு. ஆர்ச் போல்டர் ஒவ்வொரு சிப்பு வகைக்கும் தனித்தனி, அதுல எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) மட்டும் போதும். மிச்சம் கெர்னல், எம்எம் (மெமரி), எஃப்எஸ் (ஃபைல் சிஸ்டம்), நெட் (நெட்வொர்க்), இனிட் (ஆரம்பம்). மனுஷன் படிக்கற அளவுக்கு இப்ப சுருங்கிடுச்சு பாரு.

இதையும் முழுசா படிக்காத. ஒரே ஒரு நூல புடிச்சு உள்ள போ. நான் பண்ணுனத சொல்றேன், டெர்மினல்ல உக்காந்து, ஒரு புரோகிராம் கூப்பிடற சிஸ்டம் கால எல்லாம் காட்டற எஸ்ட்ரேஸ்னு ஒரு டூல் இருக்குல்ல, அத முன்னால போட்டு “எக்கோ வணக்கம்”னு ஓட்டு. கசகசன்னு ஒரு அம்பது வரி ஓடும், எல்லாம் லைப்ரரி லோடு ஆகறது, விட்டுடு. கடைசில “ரைட்”னு ஆரம்பிக்கற ஒரு வரி வரும், அதுல நீ போட்ட வணக்கம் இருக்காது, \340\256\265ன்னு நம்பர் நம்பரா இருக்கும், வரி கடைசில சமக்குறி போட்டு 22ன்னு இருக்கும். மொத தடவ பாத்தப்ப நான் ஏதோ கெட்டுப்போச்சுன்னே நெனச்சேன். அப்புறம் வெரல் விட்டு எண்ணுனா சரியா வருது. வ, ண, க, ஒரு புள்ளி, க, ம, இன்னொரு புள்ளி, மொத்தம் 7, யூடிஎஃப்-8ங்கற யூனிகோடு முறைல தமிழ்ல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட்டு, 21 ஆச்சு, என்ட்டருக்கு 1. அந்த \340\256\265 தான் நம்ம ‘வ’. கெர்னலுக்கு தமிழும் தெரியாது மலையாளமும் தெரியாது, 22 பைட்டு குடுத்தாங்க, 22 பைட்டும் எழுதிட்டேன்னு திருப்பி சொல்லுது, அம்புட்டுதான்.

இப்ப அந்த ரைட்ட சோர்ஸ்ல தேடு. எஃப்எஸ் போல்டர்ல ரீட்-ரைட்னு ஒரு சி ஃபைல் இருக்கும், அதுல ரைட்டுக்கு உண்டான வாசல் ரொம்ப சின்னது, நாலஞ்சு வரி. அது கேஎஸ்ஸிஸ்-ரைட்ட கூப்பிடும், அது விஎஃப்எஸ்-ரைட்ட கூப்பிடும். இங்கதான் கொஞ்ச நேரம் நிக்கணும் தம்பி. விஎஃப்எஸ்-ரைட் என்ன பண்ணுதுன்னா, இந்த ஃபைல்ல எழுத உரிமை இருக்குதா, குடுத்த மெமரி விலாசம் நெசமா உன்னுதுதானா, இத பாத்துட்டு, ஃபைலோட ஒட்டியிருக்கற ஒரு பட்டியல எடுக்கும். எஃப்-ஆப்னு பேரு. அதுல “படிக்கணும்னா இந்த ஃபங்ஷன், எழுதணும்னா இந்த ஃபங்ஷன்”னு பாயின்டரா வரிசையா இருக்கும். எக்ஸ்ட்-4 முறைல ஃபார்மேட் பண்ணுன டிஸ்க்குன்னா அதோட பட்டியல், டெர்மினல்னா அதோட பட்டியல், பென்டிரைவ்னா வேற. மேல இருக்கறவனுக்கு கீழ என்ன சாமான்னு தெரியவே வேண்டாம், பட்டியல்ல இருக்கறத கூப்பிட்டா போதும். சி மொழில கிளாஸ், ஆப்ஜெக்ட்னு ஒண்ணும் கிடையாதுன்னு காலேஜ்ல சொல்லியிருப்பாங்க, இத பாத்தப்புறம் அப்படி சொல்லமாட்ட. இந்த பட்டியல் விஷயம் புடிபட்டா கெர்னல்ல பாதி புரிஞ்ச மாதிரி, ஏன்னா நெட்வொர்க்கும் இதே முறை, டிரைவரும் இதே முறை.

ரெண்டாவது நூல் வேணும்னா இனிட் போல்டர்ல மெயின் ஃபைல்ல ஸ்டார்ட்-கெர்னல்னு ஒரு ஃபங்ஷன், பவர் போட்டு, கெர்னல எழுப்பி விடற கிரப்ங்கற புரோகிராம் கைமாத்தி விட்டதும் கொஞ்ச நேரத்துல இங்க வந்து சேரும். மெமரிய தயார் பண்ணு, டைமர தயார் பண்ணு, ஷெட்யூலர தயார் பண்ணுன்னு வரிசையா கூப்பிட்டுட்டே போயி கடைசில 1ஆம் நம்பர் பிராசஸ (ஓடிட்டிருக்கற புரோகிராமுக்கு அதான் பேரு) எழுப்பி விடும். பால் காய்ச்சறதுக்கு முந்தி கெழவி வீட்டு வேலைய ஒண்ணொண்ணா சொல்ற மாதிரியே இருக்கும் படிக்கறதுக்கு.

இதுவும் கஷ்டம்னா வெட்கப்படாம எம்ஐடில பாடத்துக்குன்னே எழுதுன எக்ஸ்வி6ங்கற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு, சின்னது, அத ஒரு லீவுல முடிச்சுட்டு வா. லினக்ஸே 1991 செப்டம்பர்ல 0.01ஆ வெளிய வந்தப்ப பத்தாயிரம் வரிதான், அதுலயும் கீபோர்டு பின்லாந்து கீபோர்டு மட்டும்தான்.

எங்க சென்டர்ல சிலபஸ்ல “மைக்ரோகெர்னல் நவீன முறை, மோனோலித்திக் பழைய முறை”ன்னு இருக்கு. லினக்ஸ் மோனோலித்திக்னா பழசுன்னு பசங்களுக்கு சொல்லலாமா? – கம்ப்யூட்டர் சென்டர் ஆசிரியை, சித்தூர்

சொல்லாதீங்க டீச்சர். இந்த சண்ட 1992 ஜனவரியிலயே நடந்துச்சு, மினிக்ஸ்னு ஒரு மைக்ரோகெர்னல் சிஸ்டம் எழுதுன பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் லினக்ஸ் டிசைன் காலாவதி ஆனதுன்னு எழுத, 22 வயசுப் பையன் லைனஸ் பதிலுக்கு எகிற, பெரிய ரகளை. மைக்ரோகெர்னலுக்கு பேராசிரியர் சொன்ன காரணம் நியாயமானதுதான்: ஃபைல் சிஸ்டம், டிரைவர் எல்லாம் கெர்னலுக்கு வெளிய தனித்தனி புரோகிராமா இருந்தா ஒண்ணு விழுந்தாலும் மத்தது நிக்கும். லினக்ஸ்ல ஒரு டிரைவர் தப்பா மெமரில கைவெச்சா மொத்த மெஷினும் மல்லாந்துடும், இன்னிக்கும் அப்படித்தான். ஆனா வெளிய பிரிச்சு வெச்சா ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒருத்தருக்கொருத்தர் சேதி அனுப்பிக்கணும், அந்தக் காலத்து மெஷினுக்கு அது பாரம். லினக்ஸ் நடுவழி ஒண்ணு எடுத்துச்சு, எல்லாம் ஒரே மெமரில (அதான் மோனோலித்திக்), ஆனா தேவைப்படறப்ப மாட்டி கழட்டற மாட்யூல். இப்ப கெர்னல் 6.1ல இருந்து, மெமரில தப்பா கைவெக்கறத கம்பைல் பண்றப்பவே பெரும்பாலும் புடிச்சுடற ரஸ்ட் மொழிய உள்ள விட்டதும் அந்த பழைய குறைக்கு ஒரு வைத்தியம்தான். வேடிக்கை என்னன்னா மினிக்ஸும் சாகல, இன்டெல் சிப்புக்குள்ள இருக்கற மேனேஜ்மென்ட் இன்ஜின்ங்கற குட்டி கம்ப்யூட்டர்ல மினிக்ஸ் ஓடுதுன்னு 2017ல வெளிய வந்துச்சு, அத எழுதுன பேராசிரியருக்கே சேதி அப்பதான் தெரியும்.

ஒரு சிபியு, முன்னூறு புரோகிராம். யாரு முதல்லங்கற சண்டய எப்புடி தீக்கறாங்க? – தென்னந்தோப்பு வெச்சிருக்கற டிப்ளமாக்காரர், மீனாட்சிபுரம்

உங்களுக்கு இத நான் சொல்லணுமாங்க, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால்ல முறைத்தண்ணி விடறவங்களாச்சே. யாரு எப்ப ஓடணும்னு முறை வெக்கற ஷெட்யூலர் அதேதான். டைமர் ஒண்ணு செகண்டுக்கு நூறு இருநூறு தடவக்கு மேல தட்டும், தட்டறப்பெல்லாம் கெர்னல் எந்திரிச்சு இப்ப பாயறவன நிறுத்தலாமான்னு பாக்கும். 2007ல இங்கோ மோல்நார் எழுதுன சிஎஃப்எஸ் முறைல ஒவ்வொரு பிராசஸும் இதுவரைக்கும் எம்புட்டு ஓடுச்சுன்னு கணக்கு வெச்சு, யாருக்கு கம்மியா பாஞ்சிருக்கோ அவங்க மடைய தொறக்கும். இதுக்கு வழி காட்டுனவரு கான் கோலிவாஸ்னு ஆஸ்திரேலியாவுல மயக்க மருந்து டாக்டருங்க, சும்மா வீட்டுல கம்ப்யூட்டர் இழுக்குதேன்னு கெர்னல்ல கை வெச்சவரு. 2023ல கெர்னல் 6.6 வந்தப்ப ஈஈவிடிஎஃப்னு புது முறை வந்துச்சு. கணக்கோட சேத்து கெடுவும் பாக்கும், “எனக்கு ரெண்டே நிமிஷம் போதும், ஆனா இப்பவே வேணும்”ங்கறவன முன்னால விட்டுடும்.

நானே கெர்னல் கம்பைல் பண்ணலாமா? லேப்டாப் கெட்டுப்போயிடுமா? – கோவிந்தாபுரம் வாசகர்

கெடாதுங்க, பழைய கெர்னல அழிக்காத வரைக்கும். கிரப் மெனுல “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்”ல பழசு உக்காந்திருக்கும், புதுசு எந்திரிக்கலன்னா அதுல போயிக்கலாம்.

கெர்னல் டாட் ஆர்க்ல 140 எம்பி சொச்சம் வரும் மூட்டை, பிரிச்சா ஒரு ஜிபிக்கு மேல. ஜிசிசி, மேக், ஃப்ளெக்ஸ், பைசன், ஓபன்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப் இதுங்களோட டெவ் பேக்கேஜ் போட்டுக்கோங்க. இப்ப ஓடற கெர்னலோட கான்ஃபிக் ஃபைல் பூட் போல்டர்ல இருக்கும், அத எடுத்து புள்ளி-கான்ஃபிக்னு சோர்ஸுக்குள்ள வெச்சா அடித்தளம் ரெடி. மேக் மெனுகான்ஃபிக்னு போட்டா நீல ஸ்கிரீன்ல ஆயிரக்கணக்குல கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒய்-ன்னா கெர்னலுக்குள்ளயே, எம்-ன்னா மாட்யூலா, என்-ன்னா வேண்டாம். அதுக்கப்புறம் மேக், மாட்யூல்ஸ்-இன்ஸ்டால், இன்ஸ்டால். உபுண்டுக்காரங்களுக்கு நடுவுல “சர்ட்டிஃபிகேட் ஃபைல் காணோம்”னு நிக்கும், பயப்படாதீங்க, கான்ஃபிக்ல சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், ரிவொகேஷன் கீஸ் ரெண்டையும் காலி பண்ணுங்க. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா நீங்க கையெழுத்துப் போடாத கெர்னல உள்ளயே விடாது, அதையும் பாத்துக்கோங்க.

இங்க எங்கதை ஒண்ணு. எல்லாத்தையும் கம்பைல் பண்ணுனா என்னோட பழைய மெஷினுக்கு ஒரு ராத்திரி முழுக்க வேணும், அதனால மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்னு ஒரு குறுக்கு வழி, இப்ப எந்த மாட்யூல் ஓடுதோ அத மட்டும் வெச்சுட்டு மிச்சத்த தூக்கிடும். ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது, எனக்கு ஒரே பெருமை. மூணு வாரம் கழிச்சு மச்சான் கல்யாண போட்டோ பென்டிரைவ்ல வருது, சொருகறேன், ஒண்ணும் வரல. வேற ஓட்டைல சொருகறேன், வரல. வீட்டுல அத்தன பேரும் பின்னால நின்னு எட்டிப்பாக்கறாங்க. கெர்னல் சொல்ற சேதிய காட்டற டிஎம்எஸ்ஜில பாத்தா யூஎஸ்பில ஏதோ சொருகியிருக்குன்னு மட்டும் தெரியுது கெர்னலுக்கு, அது டிஸ்க்குன்னு தெரியல. நான் கான்ஃபிக் எடுத்த அன்னிக்கு பென்டிரைவ் மாட்டாததால யூஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூல் ஓடல, ஓடாததால அது தேவையில்லன்னு கழட்டி எறிஞ்சிருக்கு. பழைய கெர்னல்ல பூட் பண்ணித்தான் போட்டோ காட்டுனேன். அதனால லோக்கல்மாட்கான்ஃபிக் போடறதுக்கு முன்னால பென்டிரைவ், பிரிண்டர், ஹெட்செட், போன் கேபிள், வீட்டுல இருக்கற அத்தனையும் ஒருக்கா சொருகி வையுங்க.

யாரு வேணும்னாலும் எழுதலாம்னா திருட்டு வேலை செய்யற கோடு உள்ள வராதா? இவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறது? – ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பாலக்காடு

யாரு வேணும்னாலும் எழுதலாம் சார், யாரு வேணும்னாலும் உள்ள போட முடியாது. மெயின்டெய்னர்ஸ்னு ஒரு ஃபைல் சோர்ஸுலயே இருக்கு, எந்தப் பகுதிக்கு யார் பொறுப்புன்னு. அவங்களுக்கு மெயில்ல பேட்ச் போகணும், அடியில எழுதுனவரோட கையெழுத்து வரி இருக்கணும், அவங்க பாத்து தங்க கையெழுத்தும் போட்டு மேல அனுப்புவாங்க, கடைசில லைனஸ். புது சரக்குக்கு ரெண்டு வாரம் வாசல் தொறந்திருக்கும், அப்புறம் ஏழெட்டு வாரம் ஓட்டை அடைக்கறது மட்டும்தான், 9, 10 வாரத்துக்கு ஒரு வெர்ஷன். நீங்க பாத்த கிளார்க், ஆஃபீசர், மேனேஜர் கையெழுத்து மாதிரியேதான்.

திருட்டு முயற்சியும் நடந்திருக்கு. 2003 நவம்பர்ல கெர்னலோட ஒரு நகல் வெச்சிருந்த சர்வர்ல எவனோ பூந்து வெயிட்-4ங்கற ஃபங்ஷன்ல ரெண்டு வரி சேத்துட்டான். பாக்கறதுக்கு “யூசர் நம்பர் 0வா இருக்குதா”ன்னு சோதிக்கற மாதிரியே இருக்கும். ஆனா சோதிக்கறதுக்கு சமக்குறி ரெண்டு வேணும், அவன் ஒண்ணுதான் போட்டிருந்தான். ஒண்ணு போட்டா அர்த்தம் “யூசர் நம்பர 0 ஆக்கு”, 0ன்னா ரூட், அதாவது சர்வ அதிகாரம் உள்ள யூசர், மொத்த மெஷினும் அவன் கையில. மூல சரக்குல இல்லாத வரி நகல்ல எப்படி வந்துச்சுன்னு கணக்கு டேலி ஆகாமதான் அந்த கள்ள வரி மாட்டுச்சு. டேலி ஆகலன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கு தெரியாததா?

சம்பளம்னா, இன்னிக்கு எழுதறவங்கள்ல பெரும்பாலானவங்க இன்டெல், ரெட் ஹேட், கூகுள் மாதிரி கம்பெனில மாச சம்பளத்துக்கு இருக்கறவங்க. அவங்க சாமானுக்கு கெர்னல் வேணும், அதனால தானம் இல்ல. 1992ல ஜிபிஎல் லைசென்ஸ் போட்டதால, மாத்தி விக்கறவங்க வாங்கறவங்களுக்கு சோர்ஸ குடுத்தே ஆகணும், ஒருத்தன் திருத்துனது எல்லாருக்கும் வந்து சேருது.

பையன் ராத்திரி 12 மணிக்கு கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ள எழுத்த ஓடவிட்டு அது முன்னால உக்காந்திருக்கான். கேட்டா “கம்பைல் ஆகுதும்மா”ங்கறான். நம்பலாமா? – ஒரு அம்மா, வேலந்தாவளம்

வரிக்கு வரி இடதுபக்கம் ‘சிசி’ன்னு ரெண்டு எழுத்து இங்கிலீசுல வந்து, அதுக்கு எதுத்தாப்புல ஃபைல் பேரா ஓடிட்டிருந்தா நெசமாத்தாங்க்கா, நம்புங்க. எழுத்து ஓடறதுக்கு உக்காந்து காவல் காக்க வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும், அவன போய் படுக்க சொல்லுங்க. லேப்டாப் மெத்தை மேலயோ போர்வை மேலயோ இருந்துச்சுன்னா மட்டும் எடுத்து டேபிள் மேல வெக்க சொல்லுங்க, காத்து போகாம சூடாயிடும்.